சம்மதம் வாங்குகிறவன்

வெள்ளியங்கிரியின் வாய் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பேசியது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே உதட்டைத் தயார் செய்துகொண்டு, பழகின குதிரை மாதிரி தன்பாட்டுக்குப் போனது. சுவரை அடைத்து நின்ற திரையில் கிர்ஸ்டன் அம்மாள் பேனாவை மோவாயில் ஊன்றிக் கவனித்தாள். அவளுடைய ஊரில் அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் சன்னலில் மழையா பனியா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாம்பலுக்குள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக் குளிர்சட்டை வேண்டும். அந்தச் சட்டைத் துணிக்கு இங்கே திருப்பூரில் சாயம் ஏற வேண்டும், பனி கொட்டத் தொடங்கும் முன் கப்பல் ஏற வேண்டும். முடியுமா முடியாதா என்று கேட்கிறாள். முடியாதென்றால் வேறு தேசத்தில் அவளுக்கு ஆள் தயாராக இருக்கிறது. முடியும் என்று அவளை நம்பவைப்பதற்காகத்தான் குழந்தைவேலு முதலாளி வெள்ளியங்கிரிக்கு இந்த ஏ.சி. அறையையும், கீழே நிற்கிற காரையும், தன் நாற்காலியைவிட ஒரு சாண் உயரமான நாற்காலியையும் கொடுத்திருக்கிறார். முதலாளி இப்போது அவன் பக்கத்திலேயே, காமிராவில் விழாத மேசையோரத்தில், வேட்டி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பெண்பார்க்கும் அன்றைக்குப் பெண்ணைப் பெற்றவர் உட்காருவது மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு மழைச்சத்தம் மாதிரி. சொல் புரியாது, ஆனால் வலுக்கிறதா விடுகிறதா என்பது புரியும். முடியும், என்றது வாய். முடியும் கிர்ஸ்டன், நிச்சயமாக முடியும். முடியாது என்று அவளாகவே சொல்லிவிட வேண்டுமே, கருப்பராயா, என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான் வெள்ளியங்கிரி.

கருப்பராயனை இப்போது கூப்பிட்டிருக்கக் கூடாது. அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் பொத்தானை அமுக்கினான். திரையில் பெரிய மெஷின் வந்து நின்றது. படத்தில் எவ்வளவு அழகாக இருக்கிறது. வெளிச்சம் போட்டு, எண்ணெய் துடைத்து, மேலே மாலைகூடப் போட்டிருந்தார்கள், மாலையை அவன்தான் எடுக்கச் சொன்னான். இந்தக் குளிர்சட்டைத் துணிக்குச் சாதாரணக் கொதியில் சாயம் பிடிக்காது. கொதிநிலைக்கும் மேலே சூடேற்றி, ஆவி வெளியே போகாமல் மூடியை இறுக்கிப் பூட்டி அமுக்கிவைக்க வேண்டும். வீட்டில் குக்கர் வைத்திருக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இந்தக் குக்கருக்குள் ஒரு மாட்டுவண்டியை மாட்டோடு ஓட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் வித்தியாசம். உள்ளே அமுக்கம் இருக்கிறவரை யார் இழுத்தாலும் திறக்காமல் இருப்பதுதான் அந்தப் பூட்டின் வேலை. அது தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் கேட்டால் திறந்துவிடுகிறது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பூட்டு. அமுக்கம் காட்டுகிற முள்ளோ எப்போதோ ஒட்டிக்கொண்டது, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. நன்றாக ஆறிவிட்டது என்று நிச்சயமாகத் தெரிகிறவரை காத்திருந்துதான் சென்னியப்பன் மேலே ஏறித் திறப்பான். சென்னியப்பன் என்றால் வெள்ளியங்கிரியின் பெண்சாதி கலாமணிக்குத் தம்பி. அவனுக்குச் சாயப்பட்டறையில் வேலை வாங்கிக்கொடுத்தவனும் வெள்ளியங்கிரிதான், அதற்கும் பேசித்தான் சம்மதம் வாங்கினான், முதலாளியிடம் பாதி, கலாமணியிடம் மீதி. இந்தப் படத்தைப் பிடிக்கப் போனபோது ஒன்று நடந்தது. எல்லாரும் டீக்குப் போயிருந்தார்கள். யாரும் தொடவில்லை. தூங்குகிறவன் கனவில் தலையைத் தூக்குகிற மாதிரி மூடி கொஞ்சம் தூக்கிப் பார்த்தது, ஒரு சீறல், திரும்பப் படுத்துக்கொண்டது. மூடிமேல் யாரோ காயப்போட்டிருந்த துண்டு கூரைக்குப் பறந்துபோய் இரும்புச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது, விறைத்து, அப்பளம் மாதிரி. எடுக்க ஆள் ஏறவில்லை. கடவுள் காப்பாத்திட்டாரு பாத்தியா, என்றார் முதலாளி, இந்த ஆர்டர் முடியட்டும், புதுப்பூட்டுப் போட்டுப்போடலாம். போன ஆர்டருக்கும் இதையேதான் சொன்னார். அதற்கு முந்தின ஆர்டரில் பூட்டு இவ்வளவு தேயவில்லை, அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சென்னியப்பன் வீட்டுக்கு வந்திருந்தான். உள்ளே வராமல் வண்டியிலேயே சாய்ந்து நின்றுகொண்டு, அக்காள் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்தான், சூடான எதையும் இப்போதெல்லாம் அவன் அப்படித்தான் நெருங்குகிறான். "ஏனுங்க மச்சான், இந்த ஆர்டரு வந்தா மூணு சிப்டும் ஓடோணும். ஆறவுட நேரங் குடுக்க மாட்டாங்க. தெற, எடு, போடு, மூடுன்னு நிப்பாங்க. உங்களுக்குத்தான் நல்லா இங்கிலீசு வருதே, அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. மொதலாளி கேட்காட்டியும் அவங்க கேட்பாங்க." ஒரு வார்த்தை. அதைக் கலாமணியின் எதிரில், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, வெள்ளியங்கிரி தமிழில் சொல்லிப் பார்த்தான். எங்க மெஷின் பூட்டு தேஞ்சுபோச்சு, புதுசு மாத்த மூணு வாரம் வேணும், அதுவரைக்கும் அதை ஓட்ட எனக்குப் பயமா இருக்குது. அவ்வளவுதானே, என்றாள் கலாமணி, இதைச் சொல்றதுக்கா இத்தனை தண்ணி குடிக்கறீங்க. அவள் சொன்னது சரி. தமிழில் சரி. தமிழில் பயமா இருக்குது என்று சொன்னால் வயிற்றிலிருந்து வருகிறது, அடுப்படிவரைக்கும் கேட்கிறது. ஆங்கிலத்தில் அதை எங்கே போய்த் தேடுவான்? அவனுடைய ஆங்கிலத்தில் யாருக்கும் காய்ச்சல் வந்ததில்லை. யாரும் செத்ததில்லை. சோறு கிடையாது, பாம்பு கிடையாது, அத்தை மகள் கிடையாது. கோயமுத்தூர் காந்திபுரத்தில் வளையல்கடைக்கு மேல்மாடியில் ஞானாதிக்கம் சாரிடம் கற்றுக்கொண்ட ஆங்கிலம் அது. வியாபாரம் பேசுகிறதற்கென்றே தைத்த கோட்டு மாதிரி, அதைப் போட்டுக்கொண்டு வேறெங்கும் போக முடியாது. எதிராளி எது சொன்னாலும் முதலில் ஒத்துக்கொள், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, காரணம் சொல்லும்போது தலையாட்டிக்கொண்டே சொல், அவன் தலையும் ஆடும், என்பார் ஞானாதிக்கம் சார். பிராப்ளம் என்ற சொல்லைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே வந்தால் சேலஞ்ச்தான். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும் வாயை மூடு, அதற்கப்புறம் முதலில் பேசுகிறவன் தோற்றவன். தன் மாமியாரிடமே இப்படிப் பேசிப் பூர்வீக வீட்டை எழுதி வாங்கியவர் என்று அவரைப்பற்றிக் கேள்வி. அந்த மாமியார் கடைசிவரை அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

வாய் இப்போது நூலின் தரத்தைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அது பேசட்டும். எப்படியும் இந்தப் படம் முடிந்து அடுத்த படம் வருவதற்குள் அந்த வார்த்தையை உள்ளே செருகிவிட வேண்டும். அடுத்ததும் போய்விட்டால் கடைசிப் படம், கைகூப்பி நன்றி சொல்கிற பெண்பிள்ளை படம், அதற்கப்புறம் சொல்ல நேரமில்லை. வாய்க்குச் சாமர்த்தியம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு தடவை நாவல்பழ நிறம் கேட்டிருந்தாள் கிர்ஸ்டன், இங்கே சாயக்காரன் கைதவறி ஏதோ கருவாட்டு நிறத்தில் மொத்தத் துணியும் வந்து நின்றது; முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். வெள்ளியங்கிரி ஒரே ஒரு நாள் பேசினான். அந்த வருஷம் அந்தக் குளிர்தேசத்தில் பாதிப் பிள்ளைகள் கருவாட்டு நிறத்தில்தான் திரிந்தன. மறு வருஷம் கிர்ஸ்டன் அதே நிறம் வேண்டும் என்று கேட்டாள், அதை எப்படிச் செய்தோம் என்று சாயக்காரனுக்கே மறந்துபோயிருந்தது. வெள்ளியங்கிரியின் அப்பன் செத்த அன்றைக்கு அவள் போன் போட்டுத் துக்கம் விசாரித்தாள். நல்ல மனுஷிதான். தங்கள் பொறுமைக்கு நன்றி கிர்ஸ்டன், இதனால் தங்கள் சரக்குக்கு எந்தத் தாமதமும் வராது, என்று சொல்லி முடித்து போனை வைத்தபிறகுதான் பாடையருகே போய் அழுதான். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அழுதவன் ஒருத்தன், நன்றி சொன்னவன் ஒருத்தன் என்று. நன்றி சொன்னவனுக்கு அப்பனே கிடையாது. அவன் எங்கே பிறந்தான், வளையல்கடைக்கு மேலேயா? கீழே சாயப்பட்டறையில் ஏதோ கனமாக உருண்டது. ஆவி வாடை ஏ.சி. வழியாகவும் வந்துவிடுகிறது, புளித்த வாடை, அதில் எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் இந்த அறை கல்யாணமும் சாவும் ஒன்றாக நடக்கிற வீடு மாதிரித்தான் மணக்கிறது. இப்போது. இதோ இப்போது. இன்னொரு விஷயம் கிர்ஸ்டன், என்று ஆரம்பித்தான், இந்தத் தடவை அவனேதான் ஆரம்பித்தான், நாக்கைத் தன் கையால் பிடித்துத் திருப்பின மாதிரி இருந்தது. எங்கள் பெரிய மெஷினின் மூடியில் ஒரு, ஒரு. பிராப்ளம் என்ற சொல் செருப்புகளுக்கு நடுவே வெளியே கிடந்தது. ஒரு சேலஞ்ச் இருக்கிறது, என்றது வாய். அதை நாங்கள் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டோம். மாற்று ஏற்பாடு திட்டத்தில் இருக்கிறது. இதைத் தங்களிடம் மறைக்கக் கூடாது என்று நினைத்தேன். கிர்ஸ்டன் பேனாவை மோவாயிலிருந்து எடுத்தாள். எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக அன்றைக்குச் சிரித்தாள். இவ்வளவு ஆண்டுகளில் எந்த நாட்டிலும் எந்த உற்பத்தியாளரும் தானாக முன்வந்து இப்படி ஒன்றைச் சொன்னதில்லை என்றாள். இந்த வெளிப்படைதான் எனக்கு வேண்டியது வெள்ளி, என்றாள். முழுப்பெயர் அவளுக்கு வாயில் நிற்காது. மழை வலுக்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் கை வந்து அவன் தொடையை ஒரு தட்டுத் தட்டியது, நல்லா இழுக்கிற மாட்டைத் தட்டுகிற தட்டு.

உண்மையைச் சொன்னாலும் வியாபாரம் ஆகிறது. இதென்ன கோட்டு, கிழித்தாலும் கிழிகிற இடத்தில் இன்னொரு கோட்டு இருக்கிறது. சரி, இனி சுற்றி வளைக்க வேண்டாம், மூன்று வாரம் என்று மட்டும் சொல்வோம், மூன்று, வாரம், இந்த இரண்டு சொற்களைக் கோணலாக்க யாராலும் முடியாது என்று அவன் நினைத்து முடிப்பதற்குள் கிர்ஸ்டன் முன்னால் குனிந்தாள். திரையில் அவள் முகம் பெரிதாகி, கண்ணுக்கடியில் இருந்த சுருக்கமெல்லாம் தெரிந்தது. தூங்காத முகம். அவளுக்கும் மேலே யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். "கம்பெனி இருக்கட்டும் வெள்ளி. உங்களைக் கேட்கிறேன். உங்களுக்கு, உங்கள் மனசுக்கு, இதில் நம்பிக்கை இருக்கிறதா?" ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஆனால் அவனுக்குத் தமிழில் கேட்டது. இதுவரை ஆங்கிலத்தில் யாரும் அவனைக் கேட்டதில்லை. சரக்கைத்தான் கேட்பார்கள், தேதியைத்தான் கேட்பார்கள். வாய் திறந்தது. அதை மூடினான். பல்லைக் கடித்து மூடினான். பேசினால்தானே இது திருகும். பேசவே மாட்டேன். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒருத்தன் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தால் அதற்கு எந்த ஊரிலும் ஒரு அர்த்தம்தான். அறை அமைதியாயிற்று. ஏ.சி.யின் உறுமல் மட்டும். அந்த அமைதிக்குள், வரக்கூடாது வரக்கூடாது என்று காலையிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டிருந்த நினைப்பு சாவகாசமாக உள்ளே வந்து உட்கார்ந்தது. கருப்பராயன் கோயில். போன அமாவாசை. பூட்டுத் தேய்ந்த மெஷினை இந்த ஆர்டருக்கு ஓட்டலாமா என்று சாமியிடம் பூக்கேட்க முதலாளி போனார், கூட அவனும். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று. வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். நொய்யல் கரைக் காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. பூசாரி குலுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. முதலாளி இன்னொருக்கால் கேட்கச் சொன்னார். சிவப்பு. பூசாரி இனி கேட்கக் கூடாதுங்க என்று தயங்கி நின்றார். முதலாளி அழுகிற மாதிரி ஆகி, அவன் பக்கம் திரும்பி, தம்பி, நீ ஒருக்காக் கேளு, நீ கேட்டா யாருதான் மறுப்பாங்க, என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். வெள்ளியங்கிரியும் வேடிக்கையாகத்தான் முன்னால் போனான். கும்பிட்டான். சாமி, உன் கோபம் நியாயந்தான், என்றுதான் ஆரம்பித்தான், முதலில் ஒத்துக்கொண்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மெஷின் ஓட்டலாமா என்று கேட்கவில்லை. இந்தப் பட்டறையை நம்பி இத்தனை குடும்பம் அடுப்பெரிக்குது கருப்பராயா, அவங்க அடுப்பு எரியோணுமா அணையோணுமா என்று கேட்டான். அதற்கு எந்தச் சாமி வேண்டாம் என்று சொல்லும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றான். பூசாரி பிரித்தார். வெள்ளை. முதலாளி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பூசாரி மட்டும் அவனைப் பார்க்காமல் சாமி கையிலிருந்த அரிவாளைப் பார்த்தபடியே திருநீறு கொடுத்தார். வரும் வழியெல்லாம் காரில் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் செய்த காரியம் புரிந்தது. மனுஷன் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சாமி சொல்லும் என்றல்லவா இருந்தான். இனி யார் சொல்லுவார்கள்? சாமியிடம் கேட்டது தமிழில், ஆங்கிலத்தில் இல்லை, என்று அப்போது ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அதைச் சட்டென்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். இப்போது அது கூடவே வந்து நின்றது. தமிழில் கேட்டது. தமிழில்தான் கேட்டாய்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ. திரையில் கிர்ஸ்டன் அசையாமல் இருந்தாள், இணைப்புதான் நின்றுவிட்டதோ என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டான். நிற்கவில்லை, அவள் கண் சிமிட்டினாள். முதலாளி மூச்சை அடக்கியிருப்பது தெரிந்தது. முதலில் பேசுகிறவன் தோற்றவன். ஐயோ, இதுவும் ஞானாதிக்கம் சார் சொல்லிக்கொடுத்ததுதானே என்று வெள்ளியங்கிரிக்கு உறைத்தபோது கிர்ஸ்டன் பேசிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் நான் கேட்ட உடனே ஆமாம் ஆமாம் என்றிருப்பார்கள், என்றாள். அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்திருந்தது. நீங்கள் யோசித்தீர்கள். யோசிக்கிற மனிதரிடம்தான் என் பிள்ளைகளின் சட்டையைக் கொடுப்பேன். இந்த ஆர்டர் உங்களுக்கு; வேறு தேசத்துக்குப் பிரித்துக்கொடுக்க வைத்திருந்த பாதியும் உங்களுக்கே. இல்லை கிர்ஸ்டன், என்று சொல்லத்தான் உதட்டைப் பிரித்தான். அது நன்றி கிர்ஸ்டன் என்று போய்ச் சேர்ந்தது. அவள் கையசைத்தாள், சாம்பல் சன்னலும் அவளும் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தார்கள், திரையில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. முதலாளி எழுந்துவந்து அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்து, பிறந்த குழந்தையை முகர்கிற மாதிரி உச்சியை முகர்ந்தார். பிறகு போனை எடுத்துக் கீழே சூப்பர்வைசரிடம் பேசினார். இப்பவே ஆரம்பிச்சுப்போடுங்க, உள்ள இருக்கற லோடை வெளிய எடுங்க, ஆறட்டும் ஆறட்டும்னு உக்காந்திருக்காதீங்க. மெஷினா? மெஷினுக்கு என்ன, நம்ம வெள்ளியங்கிரியே வெள்ளைக்காரி முன்னால உறுதி குடுத்துட்டாரு. அவரு மச்சினன்கிட்டச் சொல்லு.

வெள்ளியங்கிரி படிக்கட்டில் இறங்கினான். நல்லவேளை, கீழே கிர்ஸ்டன் இல்லை, கோட்டும் வேண்டாம். சொந்த மச்சினன். சொந்தப் பாஷை. ஏறாதே. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏறாதே மாப்ள. அதில் எங்கே காரணம் இருக்கிறது, எங்கே படம் இருக்கிறது. கிணற்றோரம் போகிற குழந்தையைப் பார்த்தால் எந்தத் தாயும் எந்த ஆங்கிலமும் படிக்காமல் சொல்கிற சொல். அதைச் சொன்னால் முதலாளி முகம் என்ன ஆகும்? ஆகட்டும். கார் போகும். போகட்டும். கிர்ஸ்டனுக்கு நாளைக்கு எப்படிச் சொல்வது, ஒரு சின்ன மறுபரிசீலனை என்று, வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே, வார்த்தையைப் பிடி, ஏறாதே, ஏறாதே. உதட்டை அசைத்து அசைத்து வந்தான், மந்திரம் சொல்கிறவன் மாதிரி. எதிரே வந்த டீக்காரம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். கீழ்த்தளம் ஆவியில் மிதந்தது. பெரிய மெஷின் படத்தில் இருந்ததைவிட ஒரு சுற்றுப் பருத்துத் தெரிந்தது. ஓசை குறைந்திருந்தது; ஆறிக்கொண்டிருந்தால் அப்படித்தான் குறையும், அமுக்கிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். சென்னியப்பன் இரும்பு ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்தெல்லாம் வேர்வை. அவனைக் கண்டதும் காலை இறக்கினான்.

"மச்சான், நீங்களே உறுதி குடுத்துட்டீங்கன்னு சொல்றாங்க?" என்று கேட்டான். நிஷ்டூரமாகக் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லுங்கள், நம்புகிறேன் என்பது மாதிரிக் கேட்டான். முதலாளியும் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார், அவருடைய சந்தன வாடை தோளருகே நின்றது. வெள்ளியங்கிரி வாயைத் திறந்தான். ஏறாதே என்ற சொல் தொண்டையில்தான் இருந்தது, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தும் கூட்டத்தைத் தாண்டி வர முடியாத கிழவி மாதிரி, கையை நீட்டிக்கொண்டு. "உன்ற பயம் நாயந்தான் மாப்ள," என்றான். சென்னியப்பன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனா பாரு சென்னியப்பா," என்றது வாய், சுத்தமான தமிழில், அடுப்படித் தமிழில், தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டே. இத்தனை நாள் உன் கை பட்டு ஒரு தப்பு நடந்திருக்குதா என்று கேட்டது. சாமியே உத்தரவு கொடுத்திருக்குது என்றது. இந்த ஒரு ஆர்டர்தான், அப்புறம் புதுப்பூட்டு, அதுக்கு நான் பொறுப்பு என்றது. வெள்ளியங்கிரி காதைப் பொத்திக்கொள்ள விரும்பினான். எதிரே சென்னியப்பனின் தலை, அவனுக்கே தெரியாமல், மெல்ல ஆடத் தொடங்கியிருந்தது. இறுகியிருந்த தோள் இளகியது. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் மச்சான், என்றான், நேத்து நானு நெம்பப் பயந்துபோட்டேன், அக்காகிட்டச் சொல்லாதீங்க, சிரிப்பா. ஏணியைப் பிடித்து ஏறினான். இரண்டு படி ஏறியிருப்பான், நின்றான். வெள்ளியங்கிரியின் கை அவன் கணுக்காலைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தது என்று வெள்ளியங்கிரிக்கும் தெரியாது. நன்றாகத்தான் பிடித்திருந்தது, நரம்பு புடைக்க, நகம் பதிய. அந்தக் கை வளையல்கடை மாடிக்கெல்லாம் போய்ப் படித்ததில்லை. உடுங்க மச்சான், என்று மேலிருந்து சிரித்தான் சென்னியப்பன், கூச்சமா இருக்குது. கை விடவில்லை. முதலாளி, ஏனப்பா, என்றார். அப்போது வாய் குனிந்து, மிகவும் பிரியமாக, மிகவும் பொறுமையாக, உன் கவலை எனக்குப் புரிகிறது என்று கையிடம் சொல்ல ஆரம்பித்தது; கை கேட்டது; ஒவ்வொரு விரலாகச் சம்மதித்தது.